சுங்கைப் பட்டாணி வரைக்கும் கேட்கும்

மார்ச் 5

இன்று வேலை போய்விட்டது. சேர்ந்து நான்கு நாள்கூட ஆகவில்லை.

கிளினிக்கில் என் வேலை, மருந்து தயாரானதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. காலையில் ஒரு பெரியவர் சீட்டைக் கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போயிருந்தார். மருந்து வந்தது. ஆளைக் காணோம். நான் கவுன்டரில் இருந்தபடியே கூப்பிட்டேன்: "மிஸ்டர் இராஜமாணிக்கம்! மூலத்துக்கு மருந்து ரெடி! ஒன்னு தடவுறது, ஒன்னு சாப்பிடுறது!"

எதிர்க்கடை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்ததாம். மனிதர் கிளினிக் பக்கமே வராமல் பின்சந்து வழியாகப் போய்விட்டார்.

டாக்டர் நல்லவர். திட்டவில்லை. "உன் குரலுக்கு வேற வேல பாரும்மா. மார்க்கெட்டுல மீன் விக்கிற மாதிரி" என்றார்.

வீட்டில் அம்மா ஆரம்பித்தார். "எத்தன தடவ சொல்லிருக்கேன். பொம்பளப்பிள்ள பேசுறது பக்கத்து வீட்டுக்குக் கேக்கலாமா?"

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்மா. மூனாவது வீட்டுக்கெல்லாம் கேக்காது."

"கேக்குது லா" என்று மூன்றாவது வீட்டிலிருந்து மரகதம் அக்கா குரல் கொடுத்தார்.

அப்பா பலகை மில்லிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சட்டையில் இருந்த மரத்தூள் கொட்டக் கொட்டச் சிரித்தார்.

மார்ச் 15

நாளைக்கு முகாம். தேசிய சேவைப் பயிற்சி. பதினெட்டு வயதுக்காரர்களில் கணினி யார் பெயரைப் பொறுக்குகிறதோ அவர்கள் மூன்று மாதம் காட்டுக்குள் போய்ப் படுத்து எழுந்து ஓட வேண்டும். எங்கள் தெருவில் அத்தனை தடியன்கள் இருக்க, கணினி என்னைத்தான் பொறுக்கியது.

அம்மா ஒரு டின் முறுக்கும் ஒரு டின் புத்திமதியும் கட்டிக் கொடுத்தார். இரண்டாவதின் சுருக்கம்: அங்கே போய்க் கத்தாதே.

ராத்திரிச் செய்தி முடிந்ததும் எப்போதும்போல் அதை அப்பாவுக்கு இன்னொரு தடவை சொன்னேன். டிவியில் வாசிக்கிறவர்களைவிட நான் நன்றாகச் சொல்கிறேன் என்பது அப்பாவின் அபிப்பிராயம். இன்று முடித்ததும், "நாளையிலேர்ந்து யாரு பாப்பா சொல்லுவா?" என்றார். அம்மா சொல்லுவாங்க என்றேன். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 17

வந்துவிட்டேன். சுங்கைப் பட்டாணியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பல மணி நேரம், பேராக்கில் ஒரு ஆற்றோரம். பையன்களுக்குத் தனிக் கொட்டகைகள், எங்களுக்குத் தனி. நீலத்தில் புள்ளி போட்ட சீருடை. சட்டைக்குள் இன்னொரு கோமளவல்லி தாராளமாக நுழையலாம். காலில் போடும் சப்பாத்தோ அரை கோமளவல்லிக்குத்தான் சரி.

பயிற்சியாளரை 'சிக்கு' என்று கூப்பிட வேண்டும். மலாயில் ஆசிரியர் என்று அர்த்தம். எங்கள் சிக்கு ரொஸ்னா முன்னாள் ராணுவக்காரர். என் தோள் உயரம்தான் இருப்பார், ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது நான்தான் அண்ணாந்து பார்ப்பதுபோல் இருக்கிறது.

என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் சியூ பிங் என்ற சீனப் பெண். ஈப்போக்காரி. அவள் பேசினால் உதடு அசைவது மட்டும்தான் தெரிகிறது. அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. நான் பேசுவது அவளுக்கு வலிக்கிறது. இங்கே எல்லோரும் பேசிக்கொள்வது மலாயில். நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 19

ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பாடு போடுகிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது. அழுதுகொண்டிருப்பேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 22

இன்று முதல் தண்டனை. குற்றவாளி நான் இல்லை.

அணிவகுப்புப் பயிற்சி. விறைப்பாக நிற்க மலாயில் கட்டளை 'செடியா'. சிக்கு தொண்டை நரம்பு புடைக்க "செடியா!" என்றார். எனக்குப் பின்வரிசையில் ஒரு தமிழ்ப் பையன், கிள்ளான்காரன், பெயர் தர்மசீலன், ரொம்ப அடக்கமாக, "இல்ல சிக்கு, மரம்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்தால் ஒளித்து வைக்க முடியாது. திடலின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்த அணி நின்று என்னைப் பார்த்தது.

தண்டனை, காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. எங்கள் ஊர்த் தோப்புக்கரணமேதான். பிள்ளையார் புண்ணியத்தில் எனக்கு அதில் பதினைந்து வருட அனுபவம். நான் போட்ட அழகைப் பார்த்து, மற்ற பெண்களுக்குச் செய்து காட்டச் சொல்லி முன்னால் நிறுத்தினார் சிக்கு. தண்டனைக்கு வந்தவள் பயிற்சியாளர் ஆகிவிட்டேன்.

தர்மசீலன் மூன்றாவது கரணத்திலேயே பின்பக்கமாக விழுந்தான். கழுதை.

மார்ச் 29

இன்று போன் பேச விட்டார்கள். ஒரு மணி நேரம் வரிசை, சில நிமிஷப் பேச்சு.

"அப்பா எப்படிம்மா?"

"இருக்காரு. நல்லா இருக்காரு. நீ நல்லா சாப்புடுறியா?"

"அப்பாகிட்ட குடுங்களேன்."

"அவரு குளிக்கிறாரு" என்றார் அம்மா. நான் வற்புறுத்தவில்லை. அப்பாவுக்குப் போன் பிடிக்காது.

திரும்பி நடக்கும்போது சியூ பிங் ஏதோ கேட்டாள். இரண்டு தடவை திருப்பிக் கேட்டு வாங்கினேன். "அப்பாவோடு சண்டையா?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்றேன். அவள் சப்பாத்து நாடா அவிழ்ந்திருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசினேன்.

ஏப்ரல் 6

மதிய ஓய்வு நேரம். சியூ பிங் பைக்குள் எப்படியோ ஒரு பாக்கெட் மீ, நூடுல்ஸ், ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். வெந்நீர் கிடையாது. பச்சையாகவே உடைத்துத் தின்றோம். ஆறு வேளை சாப்பிட்டாலும் திருட்டுத்தனமாகத் தின்கிற ஏழாவது வேளைக்கு ருசி அதிகம்.

நான் அவள் காதருகே குனிந்து ரகசியமாக, "சத்தம் போடாமல் கடி" என்றேன்.

சிக்கு ரொஸ்னாவின் அலுவலகம் திடலுக்கு அந்தப் பக்கம். சற்று நேரத்தில் வாசலில் நின்றார். "யார் எதைச் சத்தம் போடாமல் கடிக்கிறீர்கள்?"

மீயைப் பிடுங்கிக்கொண்டு திடலை மூன்று சுற்று ஓடவிட்டார். பிறகு என்னைத் தனியாக நிறுத்தினார். "உன்னை எல்லோரும் கோமா என்கிறார்களே, மலாயில் கோமா என்றால் என்ன?"

"கால்புள்ளி, சிக்கு."

"கால்புள்ளி வந்தால் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நீ எங்கேயும் நிறுத்துவதில்லையே. நீ ரகசியம் பேசினால் சுங்கைப் பட்டாணி வரைக்கும் கேட்கும்."

"கேட்டால் நல்லதுதான் சிக்கு" என்று வாயில் வந்துவிட்டது. அவர் ஒரு மாதிரி பார்த்தார். இன்னொரு சுற்று ஓடினேன்.

ஏப்ரல் 12

துப்பாக்கி சுடும் பயிற்சி. ஆளுக்குப் பத்துக் குண்டு. குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, கண்ணை இடுக்கி, பத்தையும் சுட்டேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது.

என் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. சியூ பிங் அட்டையில் பதினேழு. சுட்டது பத்து, பட்டது பதினேழு என்று முகாம் முழுக்க அவளுக்குப் பெயர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நல்ல பெண்.

ஏப்ரல் 20

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நல்லதா கெட்டதா என்றே தெரியவில்லை.

நான்கு அணிகளுக்கும் சேர்த்து முதல் கூட்டு அணிவகுப்பு. நானூறு பேர். கட்டளை கொடுக்க ஒரு உயரமான பையனைப் பொறுக்கியிருந்தார்கள். பார்க்க அமைச்சர்போல் இருந்தான். வாயைத் திறந்தால் குரல் பாதி வழியில் உடைந்து கீச்சென்றது. காற்று வேறு. முன்வரிசைக்காரர்கள் வலப்பக்கம் திரும்பினார்கள். நடுவில் இருந்தவர்கள் யோசித்தார்கள். கடைசியில் இருந்த நாங்கள், நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தோம். சியூ பிங் கீழே விழுந்து, அவள் கையை யாரோ மிதித்துவிட்டார்கள்.

நான் சத்தியமாக என் வரிசைக்காக மட்டும்தான் சொன்னேன். "நில்லுங்கள்! செடியா!"

திடல் நின்றது. நானூறு பேரும் டக்கென்று ஒரே சத்தமாகக் காலைச் சேர்த்தார்கள். கட்டளை கொடுத்துக்கொண்டிருந்த பையனும் விறைத்து நின்றான். சமையல்கட்டிலிருந்து காய்கறி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த ஆள்கூட நின்றுவிட்டார்.

அதற்கப்புறம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானூறு பேரும் காத்திருக்கிறார்கள். சிக்கு ரொஸ்னா என்னை நோக்கி நடந்து வருகிறார்.

ஏப்ரல் 21

முகாம் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து முறுக்கு டின்னைக்கூடக் கழுவி வைத்துவிட்டேன்.

நிறைவு விழா அணிவகுப்புக்கு நான்தான் தலைமையாம். மொத்த முகாமுக்கும்.

"எனக்கு மெதுவாகப் பேச வராது சார்" என்றேன்.

"அதற்காகத்தான்" என்றார் அவர்.

மே 3

போனில் அம்மாவிடம் சொன்னேன். "அய்யய்யோ, அங்கயும் கத்துறியா?" என்றார். சம்பளமில்லாமல் கத்தச் சொல்லி அரசாங்கமே கேட்டிருக்கிறது என்று விளக்கினேன். அம்மாவுக்கு அது பெருமையா வெட்கமா என்று முடிவுசெய்ய அவகாசம் தேவைப்பட்டது.

"அப்பாகிட்ட சொல்லுங்கம்மா."

"சொல்றேன்."

"எப்படிச் சொல்லுவீங்க?"

அம்மா பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

மே 18

தினமும் இரண்டு மணி நேரம் கத்துகிறேன். திடலின் ஓரத்து மாமரத்தில் இருந்த மைனாக்கள் இடம்பெயர்ந்துவிட்டன. தர்மசீலன் என் அணிவகுப்பில் கொடி பிடிக்கிறான். இன்று ஐஸ் தண்ணீர் ஒரு கோப்பை கொண்டுவந்து நீட்டி, "தலைவிக்கு" என்றான். கழுதை. குடித்தேன்.

மே 24

குரல் போய்விட்டது.

காலையில் எழுந்து சியூ பிங்கை எழுப்ப வாயைத் திறந்தால் வெறும் காற்று. பிறந்ததிலிருந்து இப்படி ஆனதில்லை. சமையல்கட்டு அக்கா இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். சியூ பிங் கறுப்பாகத் தேன்போல் ஒரு சீன மருந்து கொடுத்தாள். தர்மசீலன், "நாலு நாளைக்கு வாய மூடிக்கிட்டு இரு" என்று ஒரு மருந்து சொன்னான். மூன்றில் அதுதான் கசப்பு.

மே 25

போன் நாள். பழக்கதோஷத்தில் வரிசையில் நின்றுவிட்டேன். அம்மா எடுத்தார். "அம்மா" என்று சொல்லப் பார்த்தேன். ஹஹ், ஹஹ் என்று மூச்சுதான் போனது.

"யார்ரா நீ? குடும்பப் பொம்பளைங்க இருக்குற வீட்டுக்குப் போன் போட்டு மூச்சா விடுற? செருப்பு பிஞ்சிரும்!"

டக்கென்று வைத்துவிட்டார்.

சியூ பிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது அவளுக்குக்கூடக் குரல் வருகிறது. பிறகு அவளே மறுபடி போன் போட்டு மலாயில் என் நிலைமையைச் சொன்னாள். அம்மா என்னிடம் பேசுவதைவிட அவளிடம் நிறையப் பேசினார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் சிரித்தாள். பிறகு 'ம்' கொட்டினாள். பிறகு சிரிக்கவில்லை.

என்ன என்று சைகையில் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு. தோளைப் பிடித்து உலுக்கினேன். சொன்னாள்.

அப்பா மில்லில் பின்பக்கமாக வந்த லாரியைக் கவனிக்கவில்லையாம். பக்கக் கண்ணாடி தோளில் இடித்துவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, ரத்தக்கட்டுதான். எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னாராம். வீட்டில் டிவி ஓடுவதே இல்லையாம். வருகிறார், சாப்பிடுகிறார், படுக்கிறார். பேசுவதில்லை.

"உன் அப்பாவுக்குக் காது கேட்காதா, கோமா?" என்றாள் சியூ பிங்.

இத்தனை நாள் இதை எழுதக்கூட இல்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. இருபது வருஷமாக ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். முதலில் போன் மணி போனது. அப்புறம் டிவி. அப்புறம் அம்மா. கடைசியில் கேட்டது நான் மட்டும்தான். டாக்டரிடம் கூப்பிட்டால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது. பாப்பா பேசுறது கேக்கலயா?" என்பார். அது நின்றுவிடக் கூடாது என்று நான் வருஷத்துக்கு வருஷம் குரலை ஏற்றிக்கொண்டே போனேன். என்னை விட்டால் அவருக்கு வீடே ஊமை. அது தெரிந்தும் ஆறு வேளை தின்றுகொண்டு இங்கே இருக்கிறேன்.

மே 26

சிக்கு ரொஸ்னாவிடம் போய், வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பாதி சைகை, பாதி மூச்சு. அப்பா விஷயத்தைச் சியூ பிங் எடுத்துச் சொன்னாள். இத்தனை நாளில் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் பார்த்ததில்லை.

சிக்கு முழுவதும் கேட்டார். "போய் என்ன செய்வாய்? அவருக்குக் கேட்கிற குரலும் இப்போது உன்னிடம் இல்லையே."

எனக்கு அழுகை வந்தது. அதுவும் சத்தமில்லாமல். ரொம்பக் கேவலமாக இருந்தது.

அவர் ஒரு கைக்குட்டையைக் கொடுத்தார். "தொண்டையைத் தேற்று. அப்பாவை இங்கே வரச் சொல். மற்றதை அப்புறம் பார்க்கலாம்." வாசலுக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார். "கைக்குட்டையைத் துவைத்துக் கொடு."

ஜூன் 5

குரல் வந்திருக்கிறது. முழுதாக இல்லை, தகரத்தில் ஆணி கீறுவதுபோல்.

அம்மா போனில் சொன்னார்: "அவரு வரலங்கிறாரு. 'அத்தன பேருக்கு நடுவுல, யாரு என்ன பேசுறாங்கன்னு தெரியாம பொம்ம மாதிரி ஒக்காரணுமா'ங்கிறாரு. நான் மட்டும் வர்றேன்டி."

சரி என்றேன். தர்மசீலனை எனக்கு மாற்றாகப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவனே வந்து, "எனக்கு வேணாம். நீயே பண்ணு. கொடின்னா காத்து ஆட்டும், நான் சும்மா நிக்கலாம்" என்றான்.

ஜூன் 7

முடிந்தது. இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்து பெற்றோர் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவைக்கூடக் காணோம். பஸ் தாமதம் என்று சொன்னார்கள். பிரமுகர் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திடல் நடுவில் தனியாக நின்றேன். எதிரே நானூறு பேர். சிக்கு ரொஸ்னா ஓரத்தில் நின்று, சும்மா மூச்சை இழு என்று கைகாட்டினார்.

இழுத்தேன். அடிவயிற்றிலிருந்து விட்டேன்.

"செடியா!"

கரகரவென்றுதான் வந்தது. ஆனால் போனது. நானூறு சப்பாத்துகளும் தரையில் ஒன்றாக இறங்கின.

அப்போது கூடாரத்தின் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை. இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக நின்றார்.

அப்பா.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவர் அசையவில்லை. பக்கத்தில் இருந்த மலாய் அம்மா ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, எழ வேண்டும் போலிருக்கிறது என்று எழுந்தார். அவர் வீட்டுக்காரர் எழுந்தார். அந்த வரிசை எழுந்தது. அதற்கு முன்வரிசை திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தது. நாற்காலிச் சத்தம் அலை அலையாக முன்னால் வந்து, கடைசியில் பிரமுகரும் அவசரமாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். தேசிய கீதம் என்று நினைத்து இசைக்குழுக்காரர் குழலை வாயில் வைக்க, முகாம் தலைவர் கண்ணாலேயே அதைத் தடுத்தார்.

முகாமே நிற்கிறது. கூடாரமே நிற்கிறது. உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அடுத்த கட்டளை என் கையில். மறுபடி மூச்சை இழுத்து, தளர்ந்து நிற்கச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன்.

நானூறு பேரும் காலை அகட்டினார்கள். கடைசி வரிசையில் அப்பாவும் காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டினார். பிறகு சுற்றிலும் பார்த்து, எல்லோரும் நிற்பதைக் கண்டு திருதிருவென்று விழித்து, உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

விழா முடிந்ததும் ஓடினேன். அம்மா முதல் வேலையாக, "இந்த மனுசன் மானத்த வாங்கிட்டாருடி" என்றார். சொல்லும்போதே சிரித்தார்.

அப்பா என் தொப்பியைச் சரிசெய்தார். "தொண்ட கட்டியிருக்கா பாப்பா? கொரலு ஒடஞ்சாப்புல இருக்கு."

அது அவருக்குக் கேட்டிருக்கிறது. உடைந்ததுகூடக் கேட்டிருக்கிறது.

"ஏம்ப்பா எந்திரிச்சீங்க?"

"நீ நிக்கச் சொன்ன. நின்னேன்."

சிக்கு ரொஸ்னா வந்தார். அப்பாவுக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக உதடு தெரியும்படி, உங்கள் மகளைப் போலீஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள் என்றார். அப்பா தலையாட்டினார். பிறகு சிக்கு தன் காதைத் தொட்டுக் காட்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அப்பா தலையாட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"நானும் வர்றேன்ப்பா. டாக்டரு சொல்றத நான் ஒங்களுக்குச் சொல்றேன்."

அப்பா என் தொப்பியை மறுபடி சரிசெய்தபடி, "திங்கக்கெழம மில்லுல லீவு கேக்குறேன்" என்றார்.

சியூ பிங் கட்டிப்பிடித்து என் காதில் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. ஆனால் புரிந்தது. தர்மசீலன் தன் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்து, "போன் பண்ணு. இல்லாட்டி அங்கேர்ந்தே பேசு, கிள்ளானுக்குக் கேக்கும்" என்றான். சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கழுதை.

ஜூன் 8

வீட்டில் இருக்கிறேன். நேற்றுத் திரும்பி வந்த பயணத்தை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியதும், "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வதென்றால் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்ல ஆரம்பித்தேன். முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பி, "பஸ்ஸுல ஆளுங்க இருக்காங்கடி" என்றார்.

"விடுங்கம்மா" என்றார் டிரைவர், தமிழர். "ரேடியோவ அடச்சிட்டுத்தான் கேட்டுக்கிட்டு வர்றேன்."

தைப்பிங் தாண்டும்போது துப்பாக்கிப் பயிற்சிக்கு வந்திருந்தேன். பாரிட் புந்தாரில் இறங்க வேண்டிய ஒரு அண்ணன், பையைத் தூக்கிக்கொண்டு படிவரைக்கும் போனவர், "அந்தச் சீனப்புள்ள கையில அடிபட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துகொள்வாராம்.

தண்ணீர் குடிக்க நிறுத்தினேன்.

"அப்பறம்?" என்றார் அப்பா.

பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர், "அப்பறம்?" என்றார்கள்.